முதல் குற்றவாளி

"அச்சுக்குப் போகப்போற கட்டுரையை வேண்டாம்னு திருப்பி வாங்கியிருக்கியே, உனக்கென்னம்மா புத்தி கெட்டுப்போச்சா?"

துறைத்தலைவர் சுந்தரபாண்டி போட்ட சத்தத்தில் பக்கத்து அறை ஆசிரியர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். சாலிஹா தலை நிமிரவில்லை.

விருதுநகர்க் கல்லூரி ஒன்றில் சமூகவியல் விரிவுரையாளர் அவள். டெல்லியிலிருந்து வரும் குற்றவியல் ஆய்விதழ் ஒன்று, திருத்து திருத்து என்று இழுத்தடித்து, கடைசியில் அவளுடைய கட்டுரையை ஏற்றுக்கொண்டிருந்தது. அந்தக் கல்லூரியில் வேறு யாருக்கும் கிடைக்காத இடம். அதைத்தான் நேற்று பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, 'வெளியிட வேண்டாம்' என்று ஒரு மெயில் தட்டி, தானே கெடுத்துக்கொண்டாள்.

"வரி வரியா இங்கிலீஷ் திருத்திக் குடுத்தவன் நான். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"சொந்தக் காரணம் சார்."

"என்ன சொந்தக் காரணம்? உங்க அத்தா பட்டாசுக் கம்பெனிகளுக்குப் பேப்பர் சப்ளை பண்றாரு. ஆர்டர் போயிரும்னு பயம். அதானே?"

"அத்தாவுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல சார்."

"பின்னே?"

அவள் மேசையில் கிடந்த வருகைப் பதிவேட்டை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"வெடிவிபத்துல செத்த போர்மேனை முதல் குற்றவாளியாப் போட்டுட்டு மொதலாளியைத் தப்பவிடுறாங்கன்னு பக்கம் பக்கமா எழுதினியே. இப்ப நீ யாரைம்மா தப்பவிடுறே? துணிச்சல் இல்லாதவளுக்கு எதுக்கு ஆராய்ச்சி?"

ஒருத்தரும் அவளுக்காகப் பேசவில்லை. தினமும் ஒரே பஸ்ஸில் வருகிற சக ஆசிரியை நசிமாகூட அன்று சாயங்காலம் பக்கத்து சீட்டில் பையை வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சொல்லியிருக்கலாம்தான். சொன்னால் அந்தப் பேச்சு நேராக நாரணாபுரம் போய்ச் சேரும். அங்கே வள்ளித்தாய் இருக்கிறாள்.

போன சீசனில் பட்டாசுக் கம்பெனியில் நடந்த வெடிவிபத்தில், அங்கே போர்மேனாக இருந்த வள்ளித்தாயின் புருஷன் கோட்டைச்சாமி செத்துப்போனான். அதே கம்பெனியில் வேலை பார்த்த மகள் பொன்மணிக்கு வலது கை முழுக்கத் தீக்காயம். போர்மேன் கவனக்குறைவு என்று போலீஸ் வழக்கை எழுதி மூடியது.

"'வெக்கை தாங்கல, இன்னைக்கு மருந்து கலக்க வேண்டாம் மொதலாளி'ன்னு எங்க வீட்டுக்காரரு எம்புட்டோ சொல்லிப் பாத்தாரு டீச்சர். 'லோடு போயாகணும், கலக்குலே'ன்னு வெரட்டுனதே மொதலாளிதான்" என்று வள்ளித்தாய் அழுதுகொண்டே சொன்னது கட்டுரையில் அப்படியே இருந்தது. பேரை மாற்றி, ஊரை மாற்றித்தான் எழுதியிருந்தாள் சாலிஹா.

ஆனால் முந்தாநாள் வள்ளித்தாய் வீடு தேடி வந்துவிட்டாள். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை.

"நான் சொன்னதை அழிச்சிருங்க டீச்சர். மொதலாளிக்குத் தெரிஞ்சுபோச்சு."

"எப்படிக்கா? பேரையே மாத்திட்டேனே!"

"எம்பிள்ளைக்கு இன்னொரு ஆபரேசன் இருக்கு. மதுரை ஆசுபத்திரில பாக்குறதே மொதலாளி தயவுலதான். இது புத்தகத்துல வந்தா வைத்தியத்தை அன்னைக்கோட நிறுத்திருவேன்னுட்டாக." மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னாள்: "உங்களை நம்பித்தான சொன்னேன்? இப்படிக் காட்டிக் குடுத்துட்டீகளே!"

அந்தச் சொல் சாலிஹாவைத் தூங்கவிடவில்லை. எந்த வரியில் பிசகினோம், எந்த அடையாளத்தை விட்டுவைத்தோம் என்று கட்டுரையைத் திரும்பத் திரும்பப் படித்தாள். ஒன்றும் பிடிபடவில்லை. விடிந்ததும் மெயில் அனுப்பிவிட்டாள்.

இப்போது துறைத்தலைவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட கையோடு, நசிமா இறங்கிப்போன பிறகும் பஸ்ஸிலேயே உட்கார்ந்து, சிவகாசியில் வண்டி மாறி நாரணாபுரம் போய் இறங்கினாள்.

பொன்மணி இடது கையால் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். வள்ளித்தாய் வாசலுக்கு ஓடி வந்தாள்.

"கட்டுரை வராதுக்கா. எடுத்துட்டோம்னு பதில் அனுப்பிட்டாங்க. பிள்ளை வைத்தியத்துக்கு ஒண்ணும் ஆகாது."

வள்ளித்தாய் அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நல்லா இருப்பீக டீச்சர். அன்னைக்கு ஆத்திரத்துல என்னென்னமோ பேசிட்டேன்."

"நீங்க பேசுனது சரிதான்க்கா. தப்பு என்னோடதுதான். ஆனா ஒண்ணுதான் எனக்குப் புரியல. அது இங்கிலீஷ் கட்டுரை. இன்னும் அச்சுக்கே போகல. மொதலாளி அதை எங்கன பாத்தாரு?"

"அவுகளுக்கு ஏது இங்கிலீசு? கார்ல கூட ஒருத்தரைக் கூட்டியாந்திருந்தாக. மொதலாளிக்குச் சொந்தக்காரராம். அவுகதான் இங்கன சேர் போட்டு உக்காந்து, காயிதத்தைப் பாத்துத் தமிழ்ல ஒவ்வொண்ணாச் சொல்லி, 'இதெல்லாம் நீ சொன்னதுதானம்மா'ன்னு கேட்டாக."

"யாருக்கா அவரு?"

வள்ளித்தாய் தயங்கினாள். "சொல்லக்கூடாதுன்னாக. இனிமே என்ன, அதான் எல்லாம் முடிஞ்சுபோச்சே. உங்க காலேசுப் பெரிய சாரு, சுந்தரபாண்டி சாருதான் டீச்சர். தங்கமான மனுசன். கார்ல ஏறும்போதுகூட, 'நான் வந்தது சாலிஹாவுக்குத் தெரிய வேண்டாம், சின்னப்பிள்ள, மனசு ஒடஞ்சுபோயிரும்'னு உங்க மேல அம்புட்டு அக்கறையாச் சொல்லிட்டுப் போனாக!"