எதுவும் மிஞ்சாது

தாமாகவே வேலை செய்யும் ஏஐ ஏஜென்ட்டுகள் எழுதும் நிரலைத் தொலைவிலுள்ள ஒரு கணினியில் ஓட்டித் தரும் கருவி அது. அதன் கையேட்டை ஐந்து மணிக்குள் எழுதி அனுப்பினால்தான் அவளுக்கு வேலை நிரந்தரம். ஒரே வாக்கியத்தைச் சரிபார்ப்பதுதான் பாக்கி: 'ஒவ்வொரு முறையும் புதிய கணினி, பழையது எதுவும் மிஞ்சாது.'

தீர விசாரிப்பதே மெய் என்கிற ரகம் அவள். எத்தனையாவது ஓட்டம் என்று எண்ணிச் சொல்லும் சிறு நிரலை எழுதினாள். புதிய கணினிக்கு எல்லாமே முதல் ஓட்டம்தான். ஒன்று என்றே வரவேண்டும். ஒன்று வந்தது. மறுபடியும் ஒன்று. மூன்றாம் முறை மூன்று வந்தது.

"அண்ணா, இதைக் கொஞ்சம் பாருங்களேன்."

பக்கத்து மேசைக்காரர் தன் இடத்திலிருந்தே ஓட்டிப் பார்த்தார். "எனக்கு ஒண்ணுன்னுதாம்மா வருது. சரியான சந்தேகப் பிராணி நீ! பேசாம அனுப்பு."

அவள் மீண்டும் ஓட்டினாள். ஐந்து. அவர் ஓட்டியதும் கணக்கில் சேர்ந்திருந்தது.

தப்பு தன்னுடையதாகத்தான் இருக்கும் என்று நிரல் முழுவதையும் அழித்தாள். வெற்றுப் பக்கத்தை ஓட்டினாள். ஆறு.

மணி ஐந்தடித்தது. "அனுப்பிட்டியா?" என்றார் அவர்.

"இல்லண்ணா" என்று சொல்லி அந்த வாக்கியத்தை அழித்தாள். பிறகு கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

திரையில் ஏழு என்று வந்தது.