கதவுக்கு முன்னால் ஒரு நாற்காலி

“எந்திரிங்க டாக்டரம்மா! நீங்களா கதவைத் திறக்கறீங்களா, இல்ல நான் உடைக்கட்டுமா?”

பஸ் டிரைவர் போட்ட சத்தத்தில் வராந்தாவில் காத்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். திரும்ப வேண்டியவர் மட்டும் அசையவில்லை.

அந்தக் கிராமத்து ஆஸ்பத்திரிக்கே தலைமை டாக்டர் அந்த அம்மா. தன் அறைக் கதவைச் சாத்திவிட்டு, அதற்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, வழியை மறித்து உட்கார்ந்திருந்தார்.

“மெதுவா பேசுங்க,” என்றார்.

டிரைவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. டிப்போவிலிருந்து காக்கிச் சட்டையோடு ஓடி வந்தவர். பிரசவ அறையில் மனைவி. தலைப்பிரசவம். ‘குழந்தை இறங்கல, ஆபரேஷன்தான்’ என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனதோடு சரி. அதற்கப்புறம் இங்கே ஒரு துரும்பு அசையவில்லை.

போதாக்குறைக்கு மாமியார் வேறு.

“ஏன் மாப்பிள்ளை, ரோட்டுல மாடு குறுக்க வந்தா ஊரே அதிர ஹாரன் அடிக்கறீங்க. என் பொண்ணு அங்க துடிச்சுக்கிட்டிருக்கா, இங்க உங்க வாயில வெறும் காத்துதான் வருது!”

மாமியார் ஏற்றிவிட்ட சூட்டில்தான் டிரைவர் இங்கே வந்து நின்றார்.

“உங்களால முடியாதுன்னா சொல்லிடுங்க. டவுனுக்குத் தூக்கிட்டுப் போயிடறேன்.”

“டவுனுக்குப் போற ரோடு என்ன லட்சணம்னு உங்களுக்கா தெரியாது? இந்த நேரத்துல அவ்வளவு குலுக்கல் ஆகாது.”

“அப்போ நீங்க இங்க என்னதான் பண்றீங்க?”

“உட்கார்ந்திருக்கேன்.”

டிரைவருக்குச் சுர்ரென்று ஏறியது. வாயைத் திறக்கப் போனவர் அப்படியே நின்றார். கதவுக்குப் பின்னால் ஏதோ சத்தம்.

காதைக் கொடுத்துக் கேட்டார். குறட்டை! ஏசி ஓடுகிற சத்தத்தையும் மீறி, வஞ்சனையில்லாத குறட்டை.

“உள்ள யாரு?”

“ஒரு டாக்டர்.”

“தூங்குறாரா?”

“ஆமா. அதனாலதான் மெதுவா பேசச் சொல்றேன்.”

அவ்வளவுதான். செல்போனை எடுத்து வீடியோ பிடிக்க ஆரம்பித்துவிட்டார் டிரைவர்.

“பாருங்க மக்களே, நல்லா பாருங்க! பிரசவத்துக்கு வந்தவ அங்க உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு இருக்கா. டாக்டர் ஏசி ரூம்ல குறட்டை விடறாரு. பெரிய டாக்டரம்மா வாசல்ல உட்கார்ந்து அவருக்குக் காவல் காக்கறாங்க!”

“அப்படிக் கேளுங்கண்ணே!” என்று கூட்டத்தில் ஒருவர் எடுத்துக் கொடுத்தார்.

டாக்டரம்மா முகத்தை மறைக்கவில்லை. போனைப் பிடுங்க வரவில்லை.

“எடுங்க. ஊர் பூரா அனுப்புங்க. என் பேரையும் சேர்த்துப் போடுங்க. ஆனா, சத்தம் போடாம எடுங்க.”

டிரைவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

“நீங்க பஸ் டிரைவர்தானே?” டாக்டரம்மா அவர் சட்டையைப் பார்த்தார். “ராத்திரி முழுக்க ஓட்டிட்டு வந்து டிப்போவுல ஒருத்தர் தூங்குறாரு. அவரைத் தட்டி எழுப்பி அடுத்த டிரிப்புக்கு அனுப்புவீங்களா?”

“யாரு எழுப்புவா? எங்க ஓய்வறைப் பக்கம் போறவன், சத்தம் கேட்கக் கூடாதுன்னு செருப்பைக் கழட்டிக் கையில எடுத்துக்கிட்டுத்தான் போவான். அதுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்?”

“உள்ள தூங்குறவர் மயக்க ஊசி போடற டாக்டர். சுத்துப்பட்டு அத்தனை ஊருக்கும் அவர் ஒருத்தர்தான். இன்னொருத்தர் வேணும்னு கேட்டுக் கேட்டு என் வாயே வலிச்சுப் போச்சு. வர்றவங்க பெட்டியைப் பிரிக்கறதுக்குள்ள மாறுதல் வாங்கிட்டுப் போயிடறாங்க. நேத்து காலையில ஆரம்பிச்சு விடிய விடிய ஆபரேஷன். இன்னிக்குத் தண்ணி குடிக்க டம்ளரைத் தூக்கினார். கை நடுங்கி, பாதித் தண்ணி சட்டையில கொட்டிடுச்சு.”

செல்போன் மெல்லத் தாழ்ந்தது.

“அந்தக் கையாலதான் அடுத்து முதுகுத்தண்டுல ஊசி போடணும். உங்க மனைவிக்கு.”

டிரைவர் பிரசவ அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“குழந்தையோட இதயத்துடிப்பு நல்லா இருக்கு. நர்ஸ் பக்கத்துலயே உட்கார்ந்து பார்த்துக்கிட்டிருக்கா. கொஞ்சம் மாறினாலும் நானே இந்தக் கதவை இடிச்சு எழுப்பிடுவேன். அதுவரைக்கும் அவர் தூங்கட்டும்.”

“சரிம்மா... ஆபரேஷன் பண்ணப் போறது யாரு?”

“நான்தான்.”

“ஐயோ! அப்போ நீங்க தூங்கலையா?”

டாக்டரம்மா முதல் தடவையாகச் சிரித்தார்.

“விடிஞ்சதுக்கு அப்புறம் கொஞ்சம் தூங்கினேன், இதே ரூம்ல. அப்போ இந்த நாற்காலியில உட்கார்ந்திருந்தது அவர்.”

அதற்குள் பிரசவ அறை நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

“மேடம், பயப்பட ஒண்ணுமில்ல. ஒரு தடவை வந்து பார்த்துட்டுப் போயிடுங்க.”

டாக்டரம்மா எழுந்தார். கதவைப் பார்த்தார். செல்போனும் கையுமாக நின்ற கூட்டத்தைப் பார்த்தார். கால் நகரவில்லை.

“நீங்க போங்கம்மா,” என்றார் டிரைவர்.

டாக்டரம்மா போனதும் டிரைவர் அந்த வீடியோவை அழித்தார். அதே நாற்காலியில், அதே மாதிரி வழியை மறித்து உட்கார்ந்தார். இருமல் வந்தது. அதையும் துண்டுக்குள்ளேயே அடக்கிக்கொண்டார்.

கொஞ்ச நேரம்தான். வராந்தாவின் அந்தக் கோடியிலிருந்து மாமியாரின் குரல் கணீரென்று வந்தது.

“நல்லா இருக்கு மாப்பிள்ளை! கதவை உடைக்கறேன்னு வீராப்பாப் போனீங்க. இங்க என்னடான்னா சொகுசா சேர் போட்டு உட்கார்ந்துட்டீங்க!”

டிரைவர் பதறி எழுந்தார். உதட்டில் விரலை வைத்தார்.

“மெதுவா பேசுங்க அத்தை. நம்ம டிரைவர் தூங்குறாரு.”