சாப்பிட்ட பின் ஏறும் எண்

கைப்பேசியில் சர்க்கரை அளவைக் காட்டும் எண் இருநூறைத் தாண்டியதும் தையற்கார அம்மாள் மெஷினை மிதிப்பதை நிறுத்திவிட்டாள். மதியச் சாப்பாட்டு டப்பா பக்கத்தில் மூடியபடியே இருந்தது.

"சாப்பிட்டதும் கொஞ்சம் நடந்தா காலு தேஞ்சா போயிடும்? தின்ன இடத்துலயே பிடிச்சு வெச்ச மாதிரி உட்கார வேண்டியது!" என்று திரையைப் பார்த்துக் கடிந்துகொண்டாள்.

பக்கத்துச் செல்போன் கடைக்காரர், சட்டைக்குப் பித்தான் தைக்கக் கொடுக்க வந்தவர், எட்டிப் பார்த்துச் சிரித்தார். "இருநூத்துப் பத்தா? என்னக்கா, யாருக்கும் தெரியாம இனிப்பை ஒரு பிடி பிடிச்சிட்டீங்களா? வாயைக் கட்டணும்க்கா."

"வாயைக் கட்டத் தெரியாமத்தான் தம்பி எல்லாம் கெட்டுச்சு," என்றாள் அவள். அவர் அதைச் சாப்பாட்டுப் பேச்சு என்றே எடுத்துக்கொண்டார்.

அவர் போன பிறகும் அவள் ஊசியில் நூல் கோக்கவில்லை. எண் மெல்ல மெல்ல இறங்கி நூற்று நாற்பதுக்கு வந்ததும்தான் அவளுக்குப் போன மூச்சு திரும்பியது. டப்பாவைத் திறந்து, சுவரைப் பார்த்தபடி சாப்பிட்டாள். வீட்டில் சாப்பிட்டாலும் எதிரே சுவர்தான். கடைச் சுவரில் ஒரு நாட்காட்டியாவது தொங்கும்.

மறுநாள் மதியம் எண்ணே வரவில்லை. மாதத்துக்கு இரண்டு முறை இப்படி மறைந்துவிட்டு, சற்று நேரத்தில் தானாக வந்து நிற்கும். போனுக்கும் மூட் வரும் என்று அவளும் விட்டுவிடுவாள். ஆனால் இன்று சாயங்காலமாகியும் திரையில் வெறும் கோடுதான். டப்பாவை அவள் திறக்கவே இல்லை.

அதற்கு மேல் இருப்புக் கொள்ளவில்லை. கைப்பேசியை எடுத்துக்கொண்டு பக்கத்துக் கடைக்கு ஓடினாள்.

"பதறாதீங்கக்கா. சர்க்கரையை அளந்து போனுக்கு அனுப்ப கையில ஒட்டியிருப்பீங்களே, அந்த சென்சார் கழண்டிருக்கும். எங்க, கையைக் காட்டுங்க."

அவள் தயங்கித் தயங்கி ரவிக்கைக் கையை மேலே ஏற்றினாள். ஒரு கையிலும் ஒன்றும் இல்லை. மறு கையிலும் இல்லை.

"எனக்கு சுகர் கிடையாது தம்பி. என் பையனுக்கு."

கடைக்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டார். அவள் உட்காராமலே சொன்னாள். அவன் கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட பெண்ணின் வீட்டார் வந்திருந்த அன்று, தனக்குச் சர்க்கரை இருப்பதை அவனே பக்குவமாகச் சொல்வதாக இருந்தான். அதற்குள் அவன் கேக் துண்டை எடுக்க, இவள் அதைத் தட்டிவிட்டு, "ஊசி போட்டுக்கிற உடம்புக்கு இது கேக்குதா?" என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டாள். பெண் வீட்டார் காபியைக் குடித்து முடிக்கவில்லை. பையன் பெட்டியோடு வேறு ஊருக்குப் போனவன்தான். இவள் நம்பர் தெரிந்தால் போனை எடுப்பதே இல்லை.

"அவன் சுகரை நான் பார்க்கிறதுக்கு என் போன்ல இந்த ஆப்பைப் போட்டுக் குடுத்தவன் அவன்தான். போற அவசரத்துல இதை நிறுத்த மறந்துட்டான். அவன் குரலைக் கேட்டு ரெண்டு வருஷமாச்சு தம்பி. ஆனா சாப்பிட்டானா இல்லையான்னு மட்டும் எனக்குத் தெரிஞ்சிடும். அவன் சாப்பிட்டு, அந்த எண்ணு இறங்கினாத்தான் எனக்குச் சோறு உள்ள போகும்."

கடைக்காரர் கைப்பேசியை வாங்கி எதையெதையோ தட்டிப் பார்த்தார். "போன்ல கோளாறு ஒண்ணும் இல்லக்கா. அவரு இன்னிக்குப் புது சென்சார் ஒட்டியிருக்காரு. ஆப் உங்க பேரைப் போட்டு, இவங்க பார்க்கலாமான்னு அவருகிட்ட கேட்டிருக்கு. அவரு இன்னும் பதில் சொல்லல."

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"என் பேரைப் போட்டா? ஐயோ, அதை அழிச்சிடு தம்பி! நான் பார்க்கிறேன்னு தெரிஞ்சா இதையும் நிறுத்திடுவான்!"

"அது அவரு போன்ல இருக்குக்கா. இங்கிருந்து அழிக்க முடியாது."

அவள் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தாள். பெற்ற பிள்ளையிடம் மிச்சமிருந்தது அந்த ஓர் எண்தான். அதுவும் இன்றோடு போய்விடும் என்று நினைத்ததும் அழுகை வந்தது. அடுத்தவர் கடை என்றுகூடப் பார்க்காமல் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். கடைக்காரர் தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

மேசை மேலிருந்த கைப்பேசி விர்ரென்று அதிர்ந்தது. இருவரும் ஒரே நேரத்தில் குனிந்தார்கள்.

நூற்று முப்பது.

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அந்த எண்ணை விரலால் தொட்டுப் பார்த்தாள். சந்தோஷப்படவும் பயமாக இருந்தது. "வேலை அவசரத்துல என்ன ஏதுன்னு பார்க்காம கை தவறி அழுத்திட்டான் போல. அடுத்த தடவை கேட்டா கண்டுபிடிச்சிடுவான், இல்ல?"

"அக்கா, இது இன்னிக்கு மட்டும் கேட்கிறது இல்ல. ஒவ்வொரு புது சென்சாருக்கும் உங்க பேரைக் காட்டிக் கேட்கும். அவரு சரின்னு அழுத்தினாத்தான் உங்களுக்கு எண்ணு வரும்."

அவள் புரியாமல் அவரையே பார்த்தாள். கடைக்காரர் கைப்பேசியை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"ரெண்டு வருஷமாவாக்கா ஒருத்தருக்குக் கை தவறும்?"