அஞ்சு வாட் போதும்

“வீட்ல ஹெவி மெட்டல் வாசிக்க நூறு வாட் ட்யூப் ஆம்ப்ளிஃபயர் தோதுப்படாது சார். சத்தமா வெச்சாத்தான் அது உறுமும். இந்த அஞ்சு வாட், குறைச்சு வெச்சாலே உறுமும்” என்றார், முதல் மாடியில் கிட்டார் கடை வைத்திருந்தவர்.

“ரெண்டையும் வாசிங்க. நான் கீழ போய்க் கேட்டுட்டு வரேன்” என்று படியிறங்கினார் வழுக்கைத்தலைக்காரர்.

திரும்பி வந்தவர் முகத்தில் அப்படியொரு மலர்ச்சி. “அஞ்சு வாட்டையே கட்டுங்க.”

கடைக்காரர் அசந்துபோனார். கீழ்த்தளத்தில் நின்று கேட்டுத் தேர்ந்தெடுக்கும் ரசிகரை இத்தனை வருஷ வியாபாரத்தில் அவர் கண்டதில்லை.

“எவ்வளவு காலமா வாசிக்கறீங்க சார்?”

“கிட்டாரை நான் தொட்டதுகூட இல்ல. இது எங்க மாடி வீட்டுக்காரருக்குப் பிறந்தநாள் பரிசு. அவரோட நூறு வாட்டுக்கு அடியிலதான் ரெண்டு வருஷமா குடியிருக்கேன்.”