சமையலறைக்கு அடித்த ஆரஞ்சு

ஈரம் காயாத ஆரஞ்சுச் சுவரில் காலை வெயில் விழுகிறது. அடுப்பில்லாமலே பால் பொங்கிவிடும், அப்படியொரு சூடான நிறம். என் மனைவி மூன்று வருடமாகத் தன் தங்கையோடு பேசுவதில்லை. அந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டேனென்று நானும் சத்தியம் செய்திருக்கிறேன். இப்போது என் மனைவி சுவரைப் பார்த்துப் பூரித்துப்போய், எனக்காகக் காபி ஆற்றுகிறாள்.

"எப்படிங்க இந்தக் கலரைப் பிடிச்சீங்க?"

"கனவுல ஒரு யானை இதே நிறத்துல வந்துச்சு."

ஏணியிலிருந்து பெயின்டர் சிரிக்கிறார். "யானையாவது! உங்க தங்கச்சி வீட்டு அடுப்படிக்கு அடிச்ச அதே கலர்தாம்மா. அங்க சாப்பிட்டுக்கிட்டே சார்தான் சுவரைக் காட்டினாரு."

ஆற்றிய கை நிற்கிறது. நுரை அடங்கும்வரை பார்த்துவிட்டு, என் டம்ளரை ஏணியை நோக்கி நீட்டுகிறாள்.

"அவ கையால உப்பெல்லாம் சரியா இருந்துச்சா?" என்று சுவரிடம் கேட்கிறாள்.

யானையும் என்னைக் கைவிட்டுவிட்டது.