எழுநூறு கிலோமீட்டர் ருசி

"அப்பா, குறை சொல்லாம சாப்பிடுங்க. இது சாப்பாடு இல்ல, கலை!" என்றான் திபோ.

பெல்ஜியத்தின் லியேஜிலிருந்து பிரான்ஸின் லியோனுக்கு எழுநூறு கிலோமீட்டர் காரில் வந்திருந்தார்கள். ஊர் ஊராகச் சாப்பிட்டு எழுதுகிற திபோவின் முதல் புத்தகம், இந்த உணவகத்து மீன் கொழுக்கட்டையோடுதான் தொடங்கப்போகிறது. அந்தப் பக்கத்துக்காக அச்சகம் காத்திருந்தது.

"வேற கடைக்குப் போலாமேடா" என்றார் அப்பா லூசியன், மூன்றாவது முறையாக.

"முப்பது வருஷம் லாரி ஓட்டி, ரோட்டோரத்துல உருளைக்கிழங்கு வறுவல் தின்ன நாக்கு. உங்களுக்கு எங்க புரியும்?"

லூசியன் எழுந்து, யாரிடமும் வழி கேட்காமல் கழிவறைக்குப் போய்த் திரும்பினார்.

திபோ ஒரு வாய் வைத்தான். கண்கள் தாமாக மூடின. போனில் தட்டினான்: 'காலையில் ஆற்றில் துள்ளிய மீன். இந்தக் கைப்பக்குவத்தை எந்த இயந்திரமும் ஜெயிக்காது.'

"அனுப்பாதேடா, நான் சொல்றதக் கேளு..."

"அனுப்பியாச்சு!"

பாராட்டுவதற்காகச் சமையல்காரரை அழைத்தான். வந்தவர், திபோ நீட்டிய கையைத் தாண்டிப் போய் லூசியனைக் கட்டிக்கொண்டார்.

"லூசியன் அண்ணே! நீங்க ரிட்டயர் ஆனதுக்கப்புறம் வர்ற டிரைவர், ஐஸ் பெட்டியைப் பாதி உருகவிட்டுல்ல கொண்டு வர்றான்! நாலு நிமிஷம் சூடு பண்ணினாலே கொழுக்கட்டை உடைஞ்சு போகுது!"

திபோவின் முள்கரண்டி தட்டில் விழுந்தது.

"இந்தக் கொழுக்கட்டை செய்யற ஃபாக்டரி நம்ம வீட்டுக்குப் பின்தெருவுலதான்டா இருக்கு" என்றார் லூசியன். "நடந்தே போயிருக்கலாம்."