நாலுக்கு மூன்று

மூடியை அவள் கொஞ்சம் அதிகமாகவே தூக்கிவிட்டாள்.

பீங்கான் கிண்ணத்திலிருந்து வெள்ளைப் புகை கிளம்பி, அவள் முகத்தைத் தொட்டுவிட்டு ஜன்னல் வழியாகப் போனது.

போனது போனதுதான். செய்முறைத் தேர்வில் ஆளுக்கு ஒரே ஒரு துண்டு மக்னீசியம் நாடா. இன்னொன்று கேட்டாலும் தரமாட்டார்கள்.

கிண்ணம் ஆறியதும் தராசில் வைத்தாள். எரிந்த நாடா எவ்வளவு ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டதோ, அவ்வளவு எடை கூடியிருக்க வேண்டும்.

கூடித்தான் இருந்தது. ஆனால் போதாது.

எடைகளை அணு எடைகளால் வகுத்தாள். மக்னீசியம் ஒன்று என்றால் ஆக்சிஜன் முக்கால்.

முக்கால் அணு என்று ஒன்று கிடையாது. இரண்டையும் நாலால் பெருக்கினாள்.

நாலுக்கு மூன்று.

சிரிப்பு வந்தது. அப்படியொரு பொருள் உலகத்தில் எங்கும் இல்லை. மக்னீசியம் ஆக்சைடு ஒன்றுக்கு ஒன்று. பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும்.

பக்கத்து மேஜை நவநீதன் எட்டிப் பார்த்துப் பதறினான்.

"ஏம் புள்ள, எடையைக் கொஞ்சம் கூட்டிப் போட்டு ஒண்ணுக்கு ஒண்ணு ஆக்கிரு. நாங்க எல்லாருமே அப்படித்தான்."

இந்த ஆய்வகத்தில் அதுதான் வழக்கம். முதலில் விடையை எழுதுவார்கள். பிறகு அதற்குத் தோதான எடையைக் கண்டுபிடிப்பார்கள்.

அவளுக்கு முதலாம் ஆண்டு அரியர் இது ஒன்றுதான் பாக்கி. இது போனால் டிகிரி போச்சு. திருப்பூர் சாயப்பட்டறை லேபில் அவளுக்காக வைத்திருக்கும் வேலையும் போச்சு.

பயமாகத்தான் இருந்தது. ஆனால் என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியும்.

பேனாவை அழுத்தி எழுதினாள். நாலுக்கு மூன்று. அதன் கீழே ஒரு வரி: மூடியை அதிகம் திறந்ததால் ஆக்சைடு கொஞ்சம் புகையோடு போய்விட்டது, உண்மையான விகிதம் ஒன்றுக்கு ஒன்று.

வேறு கல்லூரியிலிருந்து வந்திருந்த எக்ஸ்டர்னல் தேர்வாளர் அவள் தாளை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மறுபடி பார்த்தார்.

"இப்படி ஒரு பொருள் இருக்காம்மா?"

"இல்லீங்க சார். ஆனா எனக்கு வந்தது இதுதானுங்க."

அவர் மேஜையில் இருந்த மற்ற தாள்களைப் புரட்டினார்.

ஒன்றுக்கு ஒன்று.

ஒன்றுக்கு ஒன்று.

கடைசித் தசமம்வரை பிசகாமல், எல்லாமே ஒன்றுக்கு ஒன்று.

அவர் எழுந்து நின்றார்.

"யாரும் கிண்ணத்தைக் கழுவாதீங்க. ஒவ்வொருத்தரா எடுத்துட்டு வாங்க. என் முன்னாடி இன்னொரு தடவை எடை போட்டுடலாம்."

நவநீதன் தன் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இடுக்கியில் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு, அவள் முதல் ஆளாகத் தராசுக்குப் போனாள்.